கிறிஸ்துமஸ் ஒயினை ஸ்டேட்டஸில் போடலாமா?

டிசம்பர் நெருங்குகிறது அல்லவா, இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு ஒயின் வாசனை. நீளமான கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, அம்மா காலத்திலிருந்தே கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் திராட்சை ஒயின் போடுவோம். போன வருடம் கேக் ஆர்டர் எடுக்கும்போது ஒயின் பரணியையும் ஒரு படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் விலை கேட்டுவிட்டார்கள். இந்த வருடம் இன்ஸ்டாகிராமில் பேஜ் தொடங்கி, பாட்டில் 350 ரூபாய் என்று வைத்து, சென்னைக்கும் கொரியரில் அனுப்பலாம் என்று ஆசை. 'ஹோம்மேட்' என்று போட்டுவிட்டால் ஒரு பிரச்சினையும் வராது என்கிறார் கொழுந்தன். சரிதானா?
(தக்கலை வாசகி)

பதில்: கொழுந்தன் பேச்சைக் கேட்டுப் பேஜ் தொடங்கிவிடாதீர்கள், தங்கச்சி. 'ஹோம்மேட்' என்று எழுதுவது, 'இதற்கு லைசென்ஸ் கிடையாது' என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருப்பது 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம். அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே அதில் குற்றம். பிராந்திக்கு ஒரு கணக்கு, வீட்டு ஒயினுக்கு ஒரு கணக்கு என்று அது பார்ப்பதில்லை. சில்லறை விற்பனை 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக் கையில் இருக்கிறது. தேவாலயத்தில் திருப்பலிக்கு வைக்கிற ஒயினுக்குக்கூடத் தனி விதி, தனி அனுமதி. அந்தப் பக்கம் கேரளத்தில் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கேயும் 2019 கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டு ஒயின் சட்டவிரோதம் என்று கலால் துறை சுற்றறிக்கை விட்டது.

எனக்கும் இதில் கோபம் உண்டு. அரசாங்கமே ரோட்டோரம் கடை போட்டு உட்கார்ந்திருக்கும், அத்தை வீட்டுப் பரணி குற்றமாம்! ஆனால் கோபத்தைக் காட்டி ஜாமீன் வாங்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, இந்தச் சட்டத்தின் தண்டனைகளை இன்னும் கூட்டியும் விட்டார்கள்.

அப்புறம் இந்த போன் விஷயம். அந்தக் காலத்தில் ஒரு பாட்டில் வேலிக்கு மேலே கைமாறும், அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டு அச்சப்பம் திரும்பி வரும், அவ்வளவுதான், எவருக்கும் தெரியாது. ஸ்டேட்டஸ் அப்படியா? பரணி படம், விலை, தேதி, ஜிபேயில் யார் எவ்வளவு போட்டார்கள், கொரியர் ரசீது என்று ஒரு கேஸுக்கு வேண்டிய அத்தனையையும் நீங்களே வரிசையாக அடுக்கிக் கொடுக்கிறீர்கள். கேட்ட நாற்பது பேரில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், அதுவும் சொந்தக்காரராகத்தான் இருப்பார். இன்ஸ்டாகிராமும் தனிநபர்கள் மது விற்பதை அனுமதிப்பதில்லை, பேஜையே தூக்கிவிடுவார்கள்.

சட்டத்தை விடுங்கள், கொரியருக்கே அந்த ஒயின் ஆகாது. கருங்கல்லில் அத்தை வீட்டில் அடுக்களை மூலையில், இருட்டில், வாய் துணியால் கட்டிய சீனப்பரணி ஒன்று இருக்கும். கருப்புத் திராட்சை, சீனி, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. சின்ன வயதில் அதில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன், அடுத்த அறையில் யாரோ மெதுவாகக் கஞ்சி காய்ச்சுவது மாதிரி உள்ளே குமிழ் உடைந்துகொண்டே இருக்கும். ஈஸ்ட் சீனியைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடுகிற சத்தம் அது. சீனி மிச்சம் இருக்கும்போதே பாட்டிலில் ஊற்றி இறுக மூடினால் அந்த வாயு எங்கே போகும்? ஒருமுறை அத்தை கொடுத்துவிட்ட பாட்டில், சென்னை ரயிலில், கோவில்பட்டி தாண்டியதும் மேல் பெர்த்தில் டப்பென்று வெடித்தது. மூடி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது, அக்காவின் நிச்சயதார்த்தப் புடவை மட்டும் ஊதா ஆனது. அந்தப் புடவைப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அந்த நாற்பது பேருக்கும் கேக் விலையை அனுப்புங்கள். முந்திரிக்கொத்து, அச்சப்பம், நேந்திரங்காய் சிப்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரு கிறிஸ்துமஸ் பெட்டி போட்டால் ஊரை விட்டுப் போனவர்கள் கேட்ட விலைக்கு வாங்குவார்கள். அதற்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், ஆன்லைனிலேயே எடுக்கலாம்.

கேள்வி: ஆல்கஹால் இல்லாத 'ஒயின்' என்று திராட்சைச் சாறு விற்கலாமா?
(கருங்கல் வாசகர்)

பதில்: விற்கலாம், நிஜமாகவே சாறாக இருந்தால். ஈஸ்ட் போடாமல், நன்றாகக் காய்ச்சி, சூடாகவே பாட்டிலில் அடைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். சரியாகக் காய்ச்சாத சாறு பாட்டிலுக்குள்ளேயே தானாகப் புளிக்க ஆரம்பித்துவிடும், திறக்கும்போது 'புஸ்' என்றால் ஆளுக்குக் கொடுக்காதீர்கள். லேபிளில் 'ஒயின்' என்ற சொல்லே வேண்டாம் என்பது என் கட்சி. மசாலா திராட்சைச் சாறு என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன் போனிலேயே லேபிளைப் படம் பிடித்து, மதிப்பெண் பார்த்து, ஒயின் வீட்டுக்கு வரவழைக்கிறான். நமக்கு ஏன் அந்த வசதி இல்லை?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: அண்ணன் வைத்திருப்பது விவினோவாக இருக்கும், 2010-இல் டென்மார்க்கில் ஆரம்பித்த ஆப். ஆனால் அங்கேயும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. உள்ளூர் ஒயினரி வீட்டுக்கு அனுப்பலாம், வெளிமாநில ஒயினரி அனுப்பக் கூடாது என்று சில மாநிலங்கள் பாரபட்சம் காட்டியது செல்லாது என்று 2005-இல் அவர்கள் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகுதான் பாதை கொஞ்சம் அகலமானது. இன்றும் பெட்டியை வாங்க 21 வயது நிரம்பிய ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கே மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழி. ஊரடங்கில் ஜார்க்கண்டில் ஸ்விகி, சொமேட்டோவே வீட்டுக்குக் கொண்டுவந்தன. கேரளத்தில் பெவ்க்யூ ஆப் டோக்கன் மட்டும் கொடுத்தது, கடைக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். நம் பக்கம் 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் டாஸ்மாக்கை மூடு, ஆன்லைனில் வேண்டுமானால் விற்றுக்கொள் என்றது, ஒரே வாரத்தில் உச்சநீதிமன்றம் தடை போட்டது, கடை திறந்தது, அந்தப் பேச்சும் அதோடு நின்றது.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒயின் கேட்டார்கள். கூகுளில் 'ஹோம் டெலிவரி' என்று இருந்த நம்பருக்கு 2,000 ரூபாய் அனுப்பினேன். பிறகு டெலிவரி பையனுக்கு என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார்கள், இன்னொரு 4,000 போய்விட்டது. பாட்டிலும் வரவில்லை. போலீசுக்குப் போனால் என்னையே பிடிப்பார்களோ?
(குளச்சல் வாசகர்)

பதில்: தமிழ்நாட்டில் வீட்டுக்கு மது கொண்டுவரும் கடையே கிடையாது. ஆகவே அந்த நம்பர் எதுவானாலும் மோசடிதான். க்யூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும், நமக்கு வருவதற்கு அந்த இரண்டுமே வேண்டியதில்லை, இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. நீங்கள் ஏமாந்தவர், வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அந்த ஆட்கள் நம்பியிருப்பதே இந்த வெட்கத்தைத்தான்.

கேள்வி: எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் ஒயின் வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவரலாமா?
(களியக்காவிளை வாசகர்)

பதில்: செக்போஸ்ட்டில் இருப்பவர்களிடமும் ஸ்கூட்டர் இருக்கிறது, தம்பி. சீட்டுக்கு அடியில் இடம் இருப்பது அவர்களுக்கும் தெரியும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் ஒயின் போடுவதுண்டா?
(மார்த்தாண்டம் வாசகி)

பதில்: இதை எழுத்தில் கேட்கலாமா? கிறிஸ்துமஸுக்கு வாருங்கள், கேக் தருகிறேன்.