மருந்தாளர் பதில்கள்: இனிப்பு நீர் மாத்திரையோடு பிரஷர் மாத்திரை சேர்ந்தால் கிட்னி கெடுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பல வருடமாக இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். போன மாதம் பிரஷர் 158/92 இருந்ததால் கிளினிக்கில் பெரின்டோப்ரில் சேர்த்துக் கொடுத்தார்கள். 'ரெண்டையும் சேர்த்துத் தின்னா கிட்னி போயிடும்' என்று லயத்தில் யாரோ சொல்ல, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு வாரமாகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குத் தலைசுற்றி வேர்த்துக் கொட்டுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. முட்டி வலிக்குக் கடை மாத்திரை, ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்துப் பொட்டலம் எல்லாம் தனி. சேர்த்துச் சாப்பிடலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சாப்பிடலாம் தங்கச்சி. சாப்பிடவும் வேண்டும். லயத்துப் பேச்சு உண்மையைத் தலைகீழாகச் சொல்கிறது. கிட்னியைக் கெடுப்பவை அடங்காத சர்க்கரையும் அடங்காத ரத்தக் கொதிப்பும்தான். பெரின்டோப்ரில் வகை மருந்து கிட்னியின் சல்லடைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. சிறுநீரில் புரதம் இறங்கும் இனிப்பு நீர்க்காரர்களுக்கு டாக்டர்கள் முதலில் தேடுவதே இந்த வகையைத்தான். பிரிட்டனில் இரண்டு நோயும் சேர்ந்திருந்த 1,148 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்திருந்தது. உங்கள் மாமியார் நிறுத்தி வைத்திருப்பது அந்தப் பாதுகாப்பைத்தான்.

அப்புறம் அந்தத் தலைசுற்றல். பிரஷர் மாத்திரை நின்று இரண்டு வாரமாகியும் அது போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் கிளிக்லசைட் மேல். வேலைக்குப் போன காலத்துப் பழக்கத்தில் விடியற்காலையிலேயே ஒரு தே ஓவோடு (பால் இல்லாத தேநீர்) மாத்திரையை விழுங்கிவிட்டு, பத்து மணிக்குத்தான் பசியாறுகிறாரா? கேட்டுப் பாருங்கள். தோட்டத்து ஆட்கள் பலரிடம் நான் கண்டது இது. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அதிகம் தாழ்த்தாது. கிளிக்லசைட் தாழ்த்தும், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும். வேர்த்து, கை நடுங்கும்போது விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். சாப்பாடு தட்டில் வந்த பிறகே கிளிக்லசைட் என்பது வீட்டில் சட்டமாக இருக்கட்டும். புரட்டாசி சனி, தைப்பூச விரதம் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரின்டோப்ரில் தொடங்கிய முதல் மாதத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இறங்கக்கூடும். அந்த மாதம் அடிக்கடி குத்திப் பார்ப்பது நல்லது.

எனக்கு உண்மையில் பயம் தருவது உங்கள் கடிதத்தின் கடைசியில் வரும் முட்டி வலி மாத்திரையும் ஜாமுவும்தான். டைக்லோஃபினாக், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பெரின்டோப்ரிலோடு அவற்றை நாள்தோறும் விழுங்கினால் கிட்னி அடிபடும். நீர் பிரியும் மாத்திரையும் கூட இருந்தால் இன்னும் மோசம். கிட்னி போன பிறகு பழி மட்டும் கிளினிக் மருந்தின் மேல் விழுகிறது. அந்தப் பேச்சு லயம் லயமாகப் பரவி, இன்னும் பல பேர் நல்ல மருந்தை நிறுத்துகிறார்கள். முட்டி வலிக்கு அளவோடு பாரசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள்.

ஜாமு பொட்டலத்தில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? ஒரே நாளில் வலி பறந்துபோகிறது என்றால் நான் சந்தேகப்படுவேன். அப்படிப்பட்ட பொட்டலங்களில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையையும் பிரஷரையும் சேர்த்தே ஏற்றும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

கிளினிக் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக்கே கூட்டிப் போங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், ஜாமுவையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்க வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. பெரின்டோப்ரிலை மறுபடி தொடங்கினால், ஓரிரு வாரத்தில் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் எடுப்பார்களா என்று கேளுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும். வாந்தி, பேதி என்று ஒன்றும் உள்ளே நிற்காத நாளில் பெரின்டோப்ரிலும் மெட்ஃபார்மினும் கிட்னிக்கும் உடம்புக்கும் சுமையாகலாம். அன்று எதை நிறுத்தி வைப்பது, எப்போது மறுபடி தொடங்குவது என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விடாத வறட்டு இருமல் வந்தால், லோசார்டான் போல வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.