டெட்ராயிட்டில் மலிவு வீடு: வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் கார் நிறுவன வேலை கிடைத்திருக்கிறது. நகருக்குள் வீடுகள் மலிவு என்று வாங்க நினைக்கிறான். "ஜனநாயகக் கட்சி ஆண்டு பாழாக்கிய ஊர், குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் புறநகராகப் பாருங்கள்" என்கிறார் அங்கிருக்கும் உறவினர். யார் சொல்வது சரி?

பதில்: உறவினரின் அக்கறை நியாயமானது, அவர் சொல்லும் காரணம்தான் தவறு. 1950-ல் டெட்ராயிட்டில் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டிலேயே ஏறத்தாழ 1.8 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். அந்தக் காலத்து மேயர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். ஜனநாயகக் கட்சியினர் 1962-ல் பொறுப்பேற்றபோது ஊர் காலியாகத் தொடங்கிவிட்டது. பின்னாளில் அவர்களில் ஒரு மேயர் ஊழலுக்காகச் சிறை சென்றதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

தொழிற்சாலைகள் அகன்ற நிலம் தேடிப் புறநகருக்குப் போயின. மத்திய அரசு வீட்டுக்கடன் உத்தரவாதத்தை வெள்ளையர் குடியிருப்புகளுக்குத் தந்தது. கறுப்பின மக்களின் பகுதிகளுக்கு மறுத்தது. 1941-ல் நகரின் வடக்கு எல்லையான எய்ட் மைல் சாலை அருகே ஒரு மனைவணிகர், கறுப்பினத்தவர் குடியிருப்பிலிருந்து தன் மனைகளைப் பிரித்து ஆறடி உயரச் சுவர் எழுப்பினார். அது இருந்தால்தான் கடன் உத்தரவாதம் கிடைக்கும் என்பதே காரணம். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. மகன் போனால் அதைக் கட்டாயம் பார்க்கட்டும். அந்த ஊரைப் பற்றி எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாததை அது சொல்லும். பிறகு கறுப்பினத்தவரின் கடைத்தெருவே நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்டது. 1967 கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். வரி கட்டக்கூடியவர்கள் வெளியேற வெளியேறக் கடன் ஏறி, 2013-ல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு நகராட்சி திவாலானது.

இனி வாக்கு. எய்ட் மைலைத் தாண்டியதும் வரும் மக்கோம் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 1960-ல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கும், 1984-ல் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கும், இரண்டு முறை ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கும், மூன்று முறை குடியரசுக் கட்சியின் டிரம்ப்புக்கும் வாக்களித்தது. பக்கத்து ஓக்லண்ட் கவுண்டி ஒரு காலத்தில் குடியரசுக் கட்சியின் கோட்டை. இன்று ஜனநாயகக் கட்சியின் பக்கம். நம்மவர்கள் அதிகம் வாழும் டிராய், நோவை ஆகிய ஊர்கள் அங்குதான் இருக்கின்றன. டெட்ராயிட்டும் ஓக்லண்டும் ஒரே கட்சிக்கு வாக்களிக்கின்றன. வீட்டு விலையிலோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

மீட்சி உண்மையானது. 1988-ல் மூடிப் பாழடைந்த மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு 2018-ல் வாங்கிப் புதுப்பித்து 2024-ல் திறந்தது. 2023-ம் ஆண்டு மதிப்பீட்டில், 1957-க்குப் பிறகு முதன்முறையாக மக்கள்தொகை கூடியது. ஆனால் இந்த மீட்சி எல்லாத் தெருவுக்கும் வந்துவிடவில்லை. ஒரு தெரு பளபளக்கும். இரண்டு தெரு தள்ளிப் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும்.

ஆகவே கணக்கைப் பாருங்கள். இப்போதைய உரிமையாளர் கட்டும் சொத்து வரியை நம்பாதீர்கள். டெட்ராயிட் இருக்கும் மிஷிகன் மாநிலத்தில் 1994 சட்டத் திருத்தப்படி, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேலோ பணவீக்கத்துக்கு மேலோ ஏறக்கூடாது. வீடு கைமாறினாலோ மறு ஆண்டே அது சந்தை மதிப்பின் பாதிக்குத் தாவிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். நகருக்குள் குடியிருந்தால் 2.4 சதவீத நகர வருமான வரியும் உண்டு. வெளியே குடியிருந்து உள்ளே வேலை பார்ப்பவருக்கு அதில் பாதிதான். கார் காப்பீட்டையும் அந்த முகவரிக்கே விலை கேட்டுக்கொள்ளுங்கள். டெட்ராயிட்டில் அது மிக அதிகம்.

நாம் வில்லங்கச் சான்று பார்ப்பது போல அங்கே உரிமை வரலாற்றைச் சரிபார்த்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. அது இல்லாமல் கையெழுத்திடக்கூடாது. வரி பாக்கிக்காகப் பறிமுதலான வீடுகள் அந்த ஊரில் ஏராளம். கைவிடப்பட்ட வீடுகளை எடுத்து விற்கும் பொது அமைப்பான நகர நில வங்கி தரும் மிக மலிவான வீடுகளைக் குறித்த காலத்துக்குள் சீரமைத்துக் காட்ட வேண்டும். புதிதாகக் குடியேறும் இளைஞருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் ஆண்டு வாடகைக்கு இருக்கட்டும். வாங்க நினைக்கும் தெருவுக்கு ஜனவரியில் பனி பெய்த மறுநாள் ஒருமுறை போய் வரட்டும். எந்தெந்த வாசலில் பனி வாரியிருக்கிறது, எங்கே கால்தடமே இல்லை என்று எண்ணினால், அங்கே எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.