டெண்டருக்கு முன்பே ஊர் பேசிவிட வேண்டும்

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) சமுதாயக் கூடமும், அங்கன்வாடி வரை கான்கிரீட் சாலையும் போட ஊராட்சி முடிவு செய்திருக்கிறது. அளவெடுத்துவிட்டுப் போனார்கள்; டெண்டர் இன்னும் வரவில்லை. கூடம் வரும் இடத்துக்குக் கீழேதான் குடிநீர் ஊற்று. கூட்டம் போட்டால் அதே நாலு பேர்தான் பேசுகிறார்கள். ஊர் மக்களின் உடல்நலத்துக்கும் உதவுகிற மாதிரி இந்தக் கட்டுமானம் அமைய, எல்லோரையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: டெண்டர் வரவில்லை என்கிறீர்களே, அதுதான் உங்கள் பலம். எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு ஜன்னலைக்கூட காண்ட்ராக்டர் வைக்க மாட்டார். வைத்தால் அவருக்குப் பணம் வராது. வேலை தொடங்கிய பிறகு ஊரே திரண்டு கேட்டாலும் ‘எஸ்டிமேட்டில் இல்லைங்க’ என்ற பதில்தான் கிடைக்கும். அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று காத்திருக்காமல், ஆட்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். பச்சைத் தேயிலையை எடை போடும் இடத்தில் பெண்கள் காத்திருக்கும் நேரம் இதற்கு மிகத் தோதானது. ‘கூடம் எப்படி இருக்கணும்?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கணும்’ என்பார்கள். ‘விசேஷச் சமையல் செய்யும்போது புகை எங்கே அடைக்குது? மழையில எந்த இடத்துல வழுக்குது? கடைசியா ஒருத்தருக்கு முடியாமப் போனப்ப 108 வண்டி எதுவரைக்கும் வந்துச்சு, அங்கிருந்து எப்படித் தூக்கிட்டுப் போனீங்க?’ என்று கேளுங்கள். பதில்கள் கொட்டும். அவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் பெயர் சொல்லாமலே, எந்தப் பக்கம் வயிற்றுப்போக்கு அதிகம், எத்தனை பேருக்கு இளைப்பு என்று அவர்களால் சொல்ல முடியும்.

பிறகு ஓவர்சியரோடு இடத்தை நடந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாளே. தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களும் வயதானவர்களும் முன்னால் நடக்கட்டும். கூடத்தின் மூலைகளையும் கழிப்பறையையும் செப்டிக் டேங்கையும் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தைப் பார்த்து வாய் திறக்காதவர்கள்கூட, தரையில் கோட்டைப் பார்த்ததும் ‘இங்கேயா? ஐப்பசியில இதுவழியாத்தான் தண்ணி இறங்கும்’ என்பார்கள்.

ஊற்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சரிவில் கழிவுநீர் மண்ணுக்குள்ளேயே கீழே நகர்ந்து ஊற்றை எட்டிவிடும். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கிருமியும் இருக்கும். எத்தனை அடி தள்ளி என்று பேரம் பேசுவதில் பயனில்லை. ஊற்றுக்கு மேல்பக்கம் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் கூடவே கூடாது. வேறு வழியில்லை என்றால் கூடத்தையே நகர்த்தச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஊற்று நீரைப் பரிசோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றம் தெரிந்தால் அதுதான் ஆதாரம்.

அடுத்தது மண் வெட்டு. வெட்டிய மண்ணோடு ஒட்டிச் சுவர் எழுப்பினால் வருடம் முழுக்க ஓதம் ஏறும், பூஞ்சை படியும், இளைப்புக்காரர்கள் உள்ளே உட்கார முடியாது. மண்ணுக்கும் சுவருக்கும் இடையில் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் அளவுக்கு இடைவெளியும் வடிகாலும் கேளுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் துளைகளும், அதன் பின்னால் ஜல்லி நிரப்புவதும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் தேங்கும் நீர்தான் சுவரைத் தள்ளுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை உங்கள் ஊர் மறந்திருக்காது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓங்கிப் பெய்வதால், மண் வெட்டும் வேலை அக்டோபருக்கு முன்பே முடிய வேண்டும் என்றும் எழுதிக் கேளுங்கள்.

சமையலறைக்குப் புகைபோக்கியும் கூரையை ஒட்டி எதிரெதிரே ஜன்னல்களும் வேண்டும். வாசல் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், 1:12 சரிவுப்படி (ஒரு அடி ஏற 12 அடி நீளம்) சாய்தளத்துக்கு 7.2 மீட்டர் நீளம் தேவை. இடத்தை இப்போதே ஒதுக்காவிட்டால் பிறகு செங்குத்தாக ஒன்றைப் பூசிவிட்டுப் போவார்கள், சக்கர நாற்காலி ஏறாது. சாலை முடிவில் 108 வண்டி திரும்ப இடம் விடச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் கிராம சபைத் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். இவற்றில் அடுத்து வரும் நாள் வெகு தூரத்தில் இருந்தால் சிறப்புக் கூட்டம் கேளுங்கள். தீர்மான நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எஸ்டிமேட் நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும்.

வேலை நடக்கும்போது, மூடப்படுவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுக்க இரண்டு பெண்களையாவது கண்காணிப்பில் வையுங்கள். குழாயும் ஜல்லியும் மண்ணுக்குள் போன பிறகு யாரும் தோண்டிப் பார்க்க முடியாது. கியூரிங் தொட்டிகளை (கான்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் பிடித்து வைப்பவை) வாரம் ஒருமுறை காலி செய்தால் கொசு பெருகாது. வெளியூரிலிருந்து வந்து தங்கும் தொழிலாளர்களுக்கு முதல் நாளே கழிப்பறை வேண்டும். அது அவர்கள் உரிமை; இல்லாவிட்டால் அவர்கள் ஒதுங்கப் போவது ஊற்றுக்கு மேலே உள்ள புதர்தான். வேலை எப்படிப் போகிறது என்று ஊர் கூடிப் பேசும்போது அவர்களில் ஒருவரையும் அழையுங்கள்.