43 வயதில் புது மெஷின் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: கையால் ஓட்டும் பழைய கடைசல் மெஷினான லேத்தில் இருபது வருட அனுபவம், வயது 43, கம்பெனி கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானே வெட்டும் சிஎன்சி மெஷின் வாங்குகிறது, மூன்று வாரப் பயிற்சிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். "இந்த வயதில் போய் உட்கார்ந்தால் மண்டையில் ஏறுமா, இல்லை இதெல்லாம் வெறும் கண்துடைப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். பயிற்சி முடிந்து எத்தனை நாளில் அந்த மெஷினில் கை வைக்க விடுவார்கள்? உங்கள் வயதைவிடவும், பாடம் எடுப்பவரின் திறமையைவிடவும் இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்டதும் எனக்குப் புரிகிறது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தெரியவில்லை என்று கை தூக்க வேண்டுமே என்ற கூச்சம். போய்வந்தும் கை வராவிட்டால் "அவருக்கு ஏறல" என்ற பெயர் ஒர்க்ஷாப் முழுக்க நின்றுவிடுமே என்ற பயம். எனக்கு இரண்டும் இருந்தன.

பத்தொன்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். எங்கள் ஷாப்புக்கு சிஎன்சி வந்தபோது எனக்கு 41. பதினெட்டுப் பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் கடைசி இரண்டு நாள் தவிர மற்றதெல்லாம் புரொஜெக்டர் முன்னால் போனது. மெஷினுக்குக் கட்டளை தரும் ஜி கோடு, எம் கோடு, டூல் நகரும் எக்ஸ் அச்சு, இசட் அச்சு என்று எழுதி எழுதி ஒரு நோட்டே நிரம்பியது. கடைசி இரண்டு நாள் மெஷின் பக்கம் கூட்டிப்போனார்கள். பதினெட்டுப் பேருக்கு ஒரே மெஷின். முன்னால் நிற்பவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததுதான் அதிகம். என் முறை வந்தபோது பத்து நிமிடம் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்பே கருத்துப் படிவம் சுற்றி வந்துவிட்டது. "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டிருந்தார்கள். எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டோம். சான்றிதழ் வாங்கினோம், வந்துவிட்டோம்.

எங்கள் ஷாப்புக்கு மெஷின் வந்து சேர்ந்தது ஏழு வாரம் கழித்து.

மனிதனுக்கு எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எர்மன் எபிங்ஹாவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மீதே சோதித்துப் பார்த்தவர். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தங்கியது. வேலைப் பயிற்சி என்பது பொருளில்லாத அசை இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் கை வைக்காமல் கேட்டது மட்டும் ஏழு வாரம் கிடந்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. வயதாகிவிட்டது, அதனால்தான் மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னை அதிகம் வருத்தியதும் அந்த நினைப்புதான்.

மெஷினில் தனியாக நின்ற நான்காவது நாள். 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட். கூடுதலோ குறைவோ 0.02-க்குள் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 40.03. டூல் ஆஃப்செட்டில், அதாவது வெட்டும் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கத் திரையில் எண் போடும் இடத்தில், மைனஸ் 0.03 போட்டால் சரியாகிவிடும் என்று நோட்டில் இருந்தது. போட்டேன், இன்புட் பட்டனை அழுத்தினேன். அடுத்த ஜாப், அதாவது அடுத்து வெட்டிய துண்டு, 40.05 வந்தது. குறைய வேண்டியது கூடிவிட்டது. சரி, மைனஸ் 0.05 என்று போட்டு மறுபடி இன்புட். மீண்டும் 40.03. திரும்ப மைனஸ் 0.03 போட்டால் திரும்ப 40.05. ஒரு மணி நேரம் இதே சுற்று. ட்ரேயில் ஜாப் சேர்ந்துகொண்டே போனது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பக்கத்து மெஷினில் அப்ரண்டிஸ் முடித்து வந்த தம்பி ஒருவர் நின்றிருந்தார். அவர் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே சரிசெய்யவில்லை. "அண்ணே, அந்த இடத்துல ஏற்கெனவே என்ன இருக்கு, வாசிங்க" என்றார். வாசித்தேன், மைனஸ் 0.03. "வெறும் இன்புட் போட்டா பழசை அழிச்சிட்டுப் புதுசு உட்காரும். பிளஸ் இன்புட் போட்டாத்தான் பழசோட சேரும். இப்ப அளவு என்ன வந்திருக்கு?" 40.05. "அப்ப எவ்வளவு சேர்க்கணும்?" மைனஸ் 0.05. "சேருங்க, சேர்க்கும்போதே எனக்குச் சொல்லிக்கிட்டே சேருங்க." ஏற்கெனவே இருந்ததோடு சேர்ந்து திரையில் மைனஸ் 0.08 காட்டியது. அடுத்த ஜாப் 40.00. நான் தொடங்கும்போதே அங்கே மைனஸ் 0.05 இருந்திருக்கிறது, அதை அழித்துவிட்டு மைனஸ் 0.03 போட்டதால்தான் அளவு கூடியது.

மூன்று வாரம் வகுப்பில் உட்கார்ந்தும் புரியாதது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. அந்தத் தம்பி அன்றைக்குப் போகும்போது, "நாளைக்குக் காலையில நீங்க எனக்குச் சொல்லிக்கொடுங்கண்ணே, நான் தெரியாத மாதிரி கேக்குறேன்" என்றார். மறுநாள் சொல்லிக்கொடுத்தேன். அதற்கப்புறம் அது மறக்கவே இல்லை.

பின்னால் நானே புதியவர்களுக்குச் சொல்லித்தரும் வேலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தம்பி இயல்பாகச் செய்ததை உலகம் ஏற்கெனவே முறையாக எழுதி வைத்திருக்கிறது என்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை அமெரிக்காவில் ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி என்று ஒரு திட்டம் நடந்தது. அனுபவசாலிகள் போர்முனைக்குப் போய்விட, தொழிற்சாலைக்குள் கால்வைத்தே பழக்கமில்லாதவர்களை வைத்து உற்பத்தி செய்ய வேண்டிய நிலை. தொழிலாளிக்கு நேரடியாக வகுப்பெடுக்காமல், அவருக்குச் சொல்லித்தரும் சூப்பர்வைசர்களுக்கும் முன்னணி ஆட்களுக்கும் எப்படிச் சொல்லித்தருவது என்று பத்து மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, அவ்வளவுதான். முதலில் ஆளைத் தயார்படுத்து, அப்புறம் செய்து காட்டி விளக்கு, பிறகு அவரையே செய்ய வைத்து வாயால் சொல்ல வை, கடைசியில் தனியாக விட்டு அடிக்கடி போய்ப் பார். போர் முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படிப் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த அட்டையில், தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்றுநர் கற்றுத்தரவில்லை என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வயதின் மேல் போட்ட பழியை அன்றைக்குத்தான் இறக்கி வைத்தேன்.

அந்தக் கருத்துப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை நான்கு படியில் அளக்கச் சொன்னார்: கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் அதைச் செய்கிறாரா, அதனால் பலன் வந்ததா. பெரும்பாலான இடங்களில் முதல் படியிலேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். உங்களுக்கும் படிவம் கொடுத்தால் எண்ணைப் போட்டுவிட்டு, கீழே "மெஷினில் இத்தனை நிமிடம் கிடைத்தது" என்று ஒரு வரி எழுதுங்கள்.

இதைப் படித்துவிட்டு "இவர் நிர்வாகத்துக்கு எதிரான ஆள்" என்று சிலர் சொல்லலாம். இல்லை. அந்தப் பயிற்சிக்குப் போயிருக்காவிட்டால் எனக்கு அந்த மெஷின் பக்கம் நிற்கவே இடம் கிடைத்திருக்காது. வகுப்பில் கேட்ட பெயர்களெல்லாம் அரைகுறையாகவாவது காதில் இருந்ததால்தான் தம்பி சொன்னது சட்டென்று பிடிபட்டது. வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வகுப்புக்கும் மெஷினுக்கும் நடுவில் விழுந்த ஏழு வாரத்தைத்தான் குறை சொல்கிறேன். "எனக்கெல்லாம் யூடியூப் பார்த்தே வந்துவிட்டது" என்று எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்கு வந்திருக்கலாம். ஆனால் ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று வீடியோ திரும்பிப் பார்த்துச் சொல்லாது. சுற்றும் சக்கில் தப்புச் செய்தால் போவது ஆஃப்செட் மட்டும் இல்லை.

இன்னொன்று, உங்கள் இருபது வருடம் வீணாகப் போகாது. மெஷின் ஓடும் சத்தத்திலேயே டூல் முனை மழுங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் தம்பிக்கு அது கேட்கவில்லை. ஒருநாள் அவர் மெஷினை நிறுத்தச் சொல்லி டூல் நுனியில் மாட்டும் இன்சர்ட்டைக் கழற்றிக் காட்டினேன், முனை பொடிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் எனக்குத் திரையைச் சொல்லித்தந்தார், நான் அவருக்குச் சத்தத்தைச் சொல்லித்தந்தேன். பயிற்சி வகுப்பில் யாராவது "பழையதையெல்லாம் மறந்துவிடுங்கள்" என்று ஆரம்பித்தால் மறக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மெஷினை லாரியிலிருந்து இறக்கியது யார் தெரியுமா? நான்கு லோடிங் ஆட்கள். மூத்தவர் ஸ்லிங்கை, அதாவது தூக்கும் பட்டையை, மாட்டி, கிரேன் ஆபரேட்டருக்குக் கை காட்டி, ஒரு விரற்கடை மட்டும் தூக்கச் சொன்னார். நிறுத்தினார். மெஷின் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்து இறக்கச் சொல்லி, ஸ்லிங்கை ஒரு சாண் தள்ளி மாட்டினார். மறுபடி ஒரு விரற்கடை. இந்த முறை தராசு மாதிரி நின்றது, அப்புறம்தான் தூக்கவிட்டார். எடை மையம் எங்கே என்று கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கிற அந்த மனிதருக்குச் சம்பளப் பதிவேட்டில் போட்டிருக்கும் வகை "திறனற்றவர்". சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டிலேயே லோடிங் வேலை ஒன்பதாவது பிரிவில், எளிய பணிகள் என்ற தலைப்பில், மிகக் குறைந்த திறன் நிலையில்தான் வருகிறது. புள்ளிவிவரத்துக்கு ஏதாவது ஒரு பெட்டி வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டியின் பெயரை ஆளின் பெயராக்கி, "அவர்களுக்கெல்லாம் என்ன பயிற்சி" என்று பட்டியலிலிருந்தே விட்டுவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. எங்கள் ஷாப்பில் எனக்குத் தெரிந்து ஒரு பயிற்சிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அந்த ஒரு மெஷினின் பட்டன்கள் மட்டுமா, இல்லை டிராயிங் வாசிப்பு, அளவெடுப்பு, புரோகிராம் எழுதுவது எல்லாம் சேர்ந்ததா? முதல் வகை இந்தக் கம்பெனியில் மட்டும் உதவும், இரண்டாவது எங்கே போனாலும் கூட வரும். பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964-ல் இந்த வித்தியாசத்தைத்தான் விளக்கினார். எங்கும் செல்லுபடியாகும் திறமைக்கு முதலாளி செலவு செய்யத் தயங்குவார், ஏனென்றால் ஆள் வெளியே போய்விட்டால் பலன் அடுத்தவருக்கு. அதனால் இரண்டாவது வகையைக் கம்பெனி செலவில் கொடுத்தால் யோசிக்காமல் போங்கள். ஆனால் இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளை முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பயிற்சி வேலை நேரத்திலா, சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-ல் 140-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். இருந்தாலும் நீங்கள் கேட்பது பேராசை இல்லை என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

உடனே பலன் வரவில்லை என்றும் பதறாதீர்கள். வேலையில்லாதவர்களுக்கான திட்டங்களைப் பற்றிய 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை டேவிட் கார்டும் அவரோடு இரண்டு பேரும் தொகுத்து 2018-ல் வெளியிட்டார்கள். பயிற்சி முடிந்த கையோடு பார்த்தால் பலன் மிகக் குறைவாகவும், இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் தெளிவாகவும் தெரிந்திருக்கிறது. வேலையில் இருக்கும் உங்கள் நிலைமை வேறுதான். ஆனால் எனக்கு மெஷின் முழுசாகக் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது.

மெஷின் வரும் தேதியை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள். இன்னும் தெரியாது என்றால், பயிற்சியை அதற்குப் பக்கத்தில் தள்ளிவைக்கச் சொல்லி நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். எங்கள் இரண்டாவது பேட்சுக்கு நாங்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். ஆறு ஆறு பேராகப் பிரித்து, காலையில் வகுப்பு, மதியம் மெஷின் என்று மாற்றினார்கள். அந்த பேட்சில் மூத்தவருக்கு வயது 52. இப்போது நைட் ஷிஃப்டில் அந்த மெஷினைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்.