அழுகைக்குக் கிடைக்கும் கூலி

கேள்வி: மகனுக்கு நாலரை வயது. முன்பள்ளியில் சரியான அமைதி என்று ரீச்சர் சொல்கிறா. வீட்டிலோ இராச்சாப்பாட்டு நேரம் போன் கேட்டு நிலத்தில் விழுந்து கத்துகிறான். இருபது நிமிடம் பொறுத்துப் பார்ப்பேன், பிறகு ஏலாமல் கொடுத்துவிடுவேன். நான் மறுத்தாலும் அம்மம்மா ஒளித்துக் கொடுப்பா. இவர் பூவரசம் தடியைத் தூக்குவார். அடி வாங்கியும் அடங்குகிறானில்லை. என்ன செய்ய?
– தாய் ஒருவர், கோண்டாவில்

பதில்: முன்பள்ளியில் அமைதி என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அவனுக்கு அடங்கத் தெரியும். எங்கே கத்தினால் பலன் உண்டு என்பதும் தெரியும். இருபதாவது நிமிடத்தில் கைக்கு வரும் போன், இருபது நிமிடம் கத்த வேண்டும் என்று அவனுக்குப் படிப்பிக்கிறது. ஐந்து நாள் மறுத்து ஆறாம் நாள் கொடுப்பது இன்னும் பொல்லாதது. இடையிடையே கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை ஆழ ஊன்றும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாற்றர்சன் என்ற உளவியலாளர், குடும்பங்களை அவர்களது வீடுகளிலேயே அவதானித்து, 1982இல் இதை விரிவாக எழுதினார். பிள்ளை கத்துகிறது, தாய் விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. பிள்ளைக்குப் போன், தாய்க்கு நிம்மதி. இருவருக்குமே கூலி கிடைப்பதால் இருவருமே மறுநாளும் அதையே செய்கிறார்கள். ஆகவே இது உங்கள் பலவீனம் என்று மனம் நோகாதீர்கள். பொறி அப்படி.

போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். பின்னேரம் ஐந்தரைக்கு இருபது நிமிடம், முடிந்ததும் அலுமாரிக்குள். சாப்பாட்டு நேரம் ஒருவர் கையிலும் போன் இருக்கக் கூடாது, தகப்பன் உட்பட. கத்தத் தொடங்கினால், "சாப்பிடேக்க போன் இல்லை" என்று ஒரே ஒரு தரம், சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அதன்பின் விளக்கம், கெஞ்சல், மிரட்டல் எதுவும் வேண்டாம். அதே அறையில் இருந்து உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அடித்தால், எறிந்தால் மட்டும் கையைப் பிடித்துத் தடுங்கள். மூச்சு வாங்க அரை நிமிடம் ஓய்வான் பாருங்கள், அந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள். உடனே திரும்பி, "அமைதியாயிட்டாய், வா, இடியப்பத்துக்குச் சொதி விடட்டே?" என்று கேளுங்கள். கத்தலைக் கவனியாமல் விட்டுவிட்டு இந்த அரை நிமிடத்தையும் தவறவிடுபவர்கள்தான் 'முறை வேலை செய்யவில்லை' என்று கைவிடுகிறார்கள்.

முதல் மூன்று நான்கு நாள் கத்தல் கூடலாம். பழைய விலைக்குக் கிடைக்காததால் விலையை ஏற்றிப் பார்க்கிறான். அப்போது கொடுத்தால் அந்தப் பெரிய கத்தலே நிலைத்துவிடும். எனவே நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது தொடங்காதீர்கள்.

அம்மம்மா விடயத்தில் 1959இல் வில்லியம்ஸ் என்பவர் வெளியிட்ட சிறு ஆய்வு நினைவில் நிற்க வேண்டியது. 21 மாதக் குழந்தை ஒன்று இரவில் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் தூங்கும். படுக்கவைத்து வெளியே வந்தபின், அழுதாலும் அறைக்குள் திரும்பிப் போகாமல் இருந்தார்கள். முதல் நாள் 45 நிமிடம் அழுதது, பத்தாவது தடவை சிரித்தபடி படுத்தது. ஒரு வாரம் கழித்து, அழுகை கேட்டுப் பெரியம்மாவோ சித்தியோ ஒருவர் திரும்பிப் போனார். அழுகை பழையபடி வந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அம்மம்மாவோடு சண்டை வேண்டாம். அவன் கத்தாமல் இருக்கும்போது கதை சொல்லிச் சாப்பாடு கொடுப்பது இனி அவவின் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தடியை உள்ளே வையுங்கள். கேர்ஷொஃப், குறோகன்-கெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016இல் 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அடி கூடிய இடத்தில் கீழ்ப்படிவு கூடவில்லை. முரட்டுத்தனமும் மனக்குழப்பமுமே கூடியிருந்தன. எது முதலில் வந்தது என்பதை இத்தகைய ஆய்வு முழுதாகச் சொல்லாது என்பது உண்மை. ஆனால் அடியால் நன்மை வந்ததற்கு அதில் ஆதாரம் இல்லை.

இன்னொன்று: நாளுக்கு ஐந்து நிமிடம் அவன் விளையாட்டில் சேருங்கள். கட்டளை, கேள்வி, திருத்தம் வேண்டாம், அவன் செய்வதை வாயால் சொன்னால் போதும். ஷீலா ஐபேர்க் என்ற உளவியலாளர் வகுத்த பெற்றோர் பயிற்சியின் முதற்படியே இதுதான்.

கேள்வி: சொன்னதைச் செய்தால் ரொபி கொடுப்பது இலஞ்சம் இல்லையா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: கத்தலை நிறுத்தக் கொடுத்தால் இலஞ்சம். முன்கூட்டியே சொல்லி, செய்து முடித்ததும் கொடுத்தால் கூலி. ரொபியை விட ஒரு ஸ்ரிக்கர் நல்லது. கூடவே செய்த காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "நல்ல பிள்ளை" என்பதை விட "சப்பாத்தை நீயே அடுக்கினாய்" என்பது பிள்ளைக்கு விளங்கும்.

கேள்வி: எப்போது வைத்தியரிடம் காட்ட வேண்டும்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இத்தகைய அடம் வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், பேச்சுப் பிந்தியிருந்தால், காது கேட்பதில் குறை இருந்தால் காட்டுங்கள். முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென மாறினால் காத்திருக்க வேண்டாம். காதுவலி, தூக்கக் குறைவு தொடக்கம், யாராவது துன்புறுத்துகிறார்களா என்பது வரை பார்க்க வேண்டும். துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் இலங்கையில் சிறுவர் உதவி இலக்கம் 1929.