அரையால் வகுத்தால் விடை ஏன் கூடுகிறது?

வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு வாசகி கேட்கிறார்: "3-ஐ ½-ஆல் வகுத்தால் 6 என்று சொல்லித் தந்தேன். 'வகுத்தா குறையணும்தானேக்கா, எப்படிக் கூடுது?' என்கிறார்கள். தலைகீழாக்கிப் பெருக்கணும் என்பதைத் தாண்டி எனக்கே பதில் தெரியவில்லை."

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதை முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வகுத்தல் என்றாலே பங்கு போடுவது, 12 லட்டை 3 பேருக்குப் பிரிப்பது, இதுதான் அவர்கள் மனதில் இருக்கிறது. அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது, குழப்பம் வரத்தானே செய்யும்? வகுத்தலுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. இதற்குள் அது எத்தனை தடவை அடங்கும் என்பது.

வீட்டுக்கு 3 லிட்டர் பால் வேண்டும், கடையில் ஆவின் அரை லிட்டர் பாக்கெட்தான் இருக்கிறது, எத்தனை வாங்குவாய் என்று கேளுங்கள். ஆறு என்று சொல்லிவிடுவார்கள். அதன் பிறகுதான் 3 ÷ ½ = 6 என்று எழுத வேண்டும். முதலிலேயே எழுதிவிட்டால் பாலை மறந்துவிட்டு விதியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம் தலைகீழி. இதற்கு ஒரு வகுப்பு முழுவதும் போனாலும் பரவாயில்லை. ரங்கநாதன் தெருவில் 4 மீட்டர் துணி வாங்கினோம், ஒரு ரவிக்கைக்கு 80 செ.மீ., அதாவது ⅘ மீட்டர் வேண்டும், எத்தனை தைக்கலாம்? நான்கு நீளக் கட்டங்களை வரையச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஐந்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மொத்தம் 20 துண்டு, ஒரு ரவிக்கைக்கு 4 துண்டு, ஆக 5 ரவிக்கை. இப்போது என்ன செய்தோம் என்று அவர்களையே சொல்லவிடுங்கள்: 5-ஆல் பெருக்கினோம், 4-ஆல் வகுத்தோம். அதாவது 4 × 5/4. தலைகீழானது எங்கிருந்து வந்தது என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அது கஷ்டம்தான், ஆனாலும் பொறுத்திருங்கள்.

பெருக்கினால் குறையுமா என்றும் அடுத்து கேட்பார்கள். அதற்கு நம் பழைய சொல்லே போதும்: காலில் பாதி அரைக்கால், ½ × ¼ = ⅛.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். 2 ÷ ¼-க்கு ஒரு கதைக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். "2 பிரியாணியை 4 பேருக்குப் பங்கு போட்டால்" என்று யாராவது எழுதினால் அது 2 ÷ 4. அந்தப் பிள்ளையோடு மட்டும் திரும்பப் பால் பாக்கெட்டுக்கே போங்கள்.