சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

குறைந்தபட்ச தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்தக் கணக்கு வராது. உருண்டையின் மேல் நூல் பிடித்துப் பாருங்கள், அது வட துருவத்தை ஒட்டிப் போகும்! ஆனாலும் விமானம் எப்போதும் அந்த வழியில் போவதில்லை. பசிபிக் கடலுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளினால், சுற்றுவழியே சீக்கிரம் சேர்த்துவிடும்.

சரி, நேரம்? எங்கும் நிற்காத விமானத்தில் சுமார் பதினெட்டரை மணி நேரம். வழியில் விமானம் மாறினால் 22 மணிக்கும் மேல்.

அப்புறம், கடிகாரத்தை நம்பாதீர்கள். நியூயார்க் 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நள்ளிரவில் கிளம்பி அதே நாள் விடியற்காலையில் இறங்குவீர்கள். உடம்புக்கோ அப்போது மாலை.